போவாஸ் இல்லாத வயல்

பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் "கதிர் பொறுக்கும் பெண்கள்" ஓவியத்தைச் சிலர் விவிலியத்து ரூத்தின் கதையோடு சேர்த்துப் பேசுகிறார்கள், வேறு சிலர் அதை 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் ஏழைக் கூலிகளைப் பற்றிய அரசியல் ஓவியம் என்கிறார்கள். இரண்டில் எது சரி, அந்த ஓவியம் தருமத்தைப் போற்றுகிறதா அல்லது வறுமையைக் காட்டிக் குற்றம் சாட்டுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அது ரூத்தின் கதையிலிருந்து பிறந்த ஓவியம்தான் என்பது என் பதில். ஆனால் அந்தக் கதையில் கதிரை விட்டுக்கொடுத்த போவாஸை ஓவியர் படிப்படியாக வயலை விட்டே வெளியேற்றிவிட்டார். அவர் நின்ற இடம் காலியாகவே கிடக்கிறது. அந்தக் காலியிடத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் 1857இல் தொடங்கி இன்றுவரை பார்ப்பவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். இதை விளங்கிக்கொள்ளக் கதையிலிருந்தும், கதைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

ரூத் மோவாப் நாட்டுப் பெண், கணவனை இழந்தவள். மாமியார் நகோமியோடு அவள் பெத்லகேமுக்கு வந்து சேரும்போது அங்கே வாற்கோதுமை அறுப்புத் தொடங்குகிறது. வேறு பிழைப்பு இல்லாததால் அறுக்கிறவர்களின் பின்னால் போய்ச் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறாள். அவள் போய்ச் சேர்ந்த வயல், நகோமியின் கணவர் வழி உறவினரான போவாஸின் வயலாக அமைந்துவிடுகிறது. சாப்பாட்டு வேளையில் அவர் அவளை அழைத்து, அப்பத்தைக் காடியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்கிறார். அவள் எழுந்து போன பிறகு, அவளுக்காக அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடும்படியும், அவளை யாரும் அதட்டக் கூடாது என்றும் வேலையாட்களிடம் சொல்கிறார். மாலையில் அவள் பொறுக்கியதைத் தட்டி அளந்தபோது ஓர் எப்பா வாற்கோதுமை தேறியது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 22 லிட்டர் என்பார்கள். பழைய தமிழ் விவிலியம் அந்த எப்பாவை "மரக்கால்" என்று எழுதியிருக்கிறது. கணக்கு துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும், களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல் காட்சியைக் கண்முன்னே நிறுத்திவிடும்.

இதில் போவாஸின் இரக்கம் என்று சொல்லத்தக்கது எது, ரூத்தின் உரிமை என்று சொல்லத்தக்கது எது என்பதைப் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காமல் விட வேண்டும், சிந்திய கதிர்களைச் சொந்தக்காரர் திரும்பப் பொறுக்கக் கூடாது, அவை எளியவர்களுக்கும் அந்நியருக்கும் உரியவை என்று விவிலியத்தின் சட்டநூல்களில் ஒன்றான லேவியராகமம் கட்டளையிடுகிறது. வயலில் மறந்து விட்டுவந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, அது அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் சேர வேண்டியது என்று இன்னொரு சட்டநூலான உபாகமம் சொல்கிறது. நீயும் எகிப்திலே அடிமையாக இருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்று காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. பிற்காலத்தில் யூதச் சட்டநூலான மிஷ்னா, ஓரமாக விடப்படும் பங்கு விளைச்சலில் 60இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று வரையறுத்தது. வயலுக்குச் சொந்தக்காரர் ஏழைகளில் ஒருவரை அனுமதித்து மற்றவரைத் தடுத்தால் அவர் ஏழைகளிடமிருந்து திருடுகிறவர் என்றும் அது சொல்கிறது. ஆகவே கதிர் பொறுக்கும் இடம் ரூத்துக்குச் சட்டப்படியே சேர்ந்தது. போவாஸ் தாமாகச் சேர்த்துக் கொடுத்தவை வேறு: கூடுதலாகச் சிந்திய சில அரிகள், அப்பம், அதட்டல் இல்லாத ஒரு பகல்பொழுது. "விவிலியத் தருமம்" என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். உரிமையும் இரக்கமும் அதற்குள் ஒட்டிக் கிடக்கின்றன. ஓவியர்கள் இவற்றில் எதை வரைந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு ஓவியமும் வேறு முகம் காட்டும்.

பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் தம் கடைசி ஆண்டுகளில், 1660க்கும் 1664க்கும் இடையில், ரிஷ்லியூ பிரபுவுக்காக நான்கு பருவங்களை வரைந்தார். கை நடுங்கத் தொடங்கிவிட்ட முதுமையில் வரைந்தவை அவை. நான்கும் இப்போது பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் கோடைக்கு அவர் எடுத்துக்கொண்டது ரூத், போவாஸ் கதை. ஓவியத்தின் முன்பகுதியில் ரூத் மண்டியிட்டிருக்கிறாள். போவாஸ் கையை நீட்டி, அருகில் ஈட்டியோடு நிற்கும் பணியாளுக்கு ஆணையிடுகிறார். அவர்களுக்குப் பின்னால் கோதுமைப் பயிர் சுவர்போல உயர்ந்து நிற்கிறது, அதை ஆட்கள் வரிசையாக அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். வலப்புறம் தொலைவில் ஐந்து குதிரைகளைப் பூட்டிப் போரடிக்கிறார்கள், ஒருவர் துருத்திக்குழல் வாசிக்கிறார், இடப்புறம் பெண்கள் உணவு தயாரிக்கிறார்கள். எல்லாம் ஒழுங்கில் இருக்கும் உலகம் அது. கொடுப்பவர் நடுவில் நிற்கிறார், பெறுபவள் மண்டியிட்டிருக்கிறாள், உழைப்பு அவர்களைச் சுற்றி ஒரு கோலம்போல அமைந்திருக்கிறது. போவாஸின் நீட்டிய கைதான் படத்தின் அச்சு. அந்தக் கையை மறைத்துப் பார்த்தால் மற்றவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். ஏழையின் உரிமை இங்கே முழுக்க முழுக்க ஒருவரின் அருளாக மாறிவிட்டிருக்கிறது. பூசானை இதற்காக நான் குறை சொல்லவில்லை. அந்த நூற்றாண்டில் ஒரு பிரபுவின் மாளிகைச் சுவருக்காக வரையப்பட்ட ஓவியம் வேறு எப்படி இருந்திருக்க முடியும்?

ழான் பிரான்சுவா மில்லே லூவ்ரில் பூசானையும் மைக்கலாஞ்சலோவையும் ஆழ்ந்து பார்த்துக் கற்றவர். 1814இல் நார்மண்டியின் கடலோரக் குக்கிராமமான குருஷியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளமை முழுவதும் தந்தையோடு வயலில் வேலை செய்தார். அந்த வயல் வேலையோடுதான் ஊர்ப் பாதிரியார்களிடம் லத்தீன் படித்து, விவிலியத்தையும் பழைய ரோமக் கவிஞர் வெர்ஜிலையும் வாசித்தார். பக்தி மிகுந்த பாட்டியின் வளர்ப்பு அவருக்குள் கடைசிவரை இருந்தது. வயலில் வேலை செய்யும்போது கோவில் மணி கேட்டால் வேலையை நிறுத்தி, இறந்துபோன ஏழைகளுக்காகச் செபம் சொல்லப் பாட்டி தவறாமல் வைப்பார் என்றும், "மாலை மணி" ஓவியத்தை அந்த நினைவிலிருந்தே வரைந்தேன் என்றும் அவர் பின்னாளில் எழுதினார். 1849இல் பாரிசை விட்டுப் பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபோனார். ஒன்பது பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பெரும்பாலும் கடனில், அங்கேயே வாழ்ந்து 1875இல் இறந்தார். இந்தப் பின்னணியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உழவனை வரைந்த நகரத்து ஓவியர்கள் பலர் இருந்தார்கள். குனிந்து நிமிரும் முதுகு எந்த இடத்தில் வலிக்கும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்து, அதோடு ரூத்தின் புத்தகத்தையும் லத்தீனில் படித்திருந்தவர் இவர்.

1850இல் தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டு அவர் ஒரே ஓவியத்தில் உழைத்தார். தொடக்கத்தில் அதற்கு "ரூத்தும் போவாஸும்" என்றுதான் பெயர். பெரிய கதிர்ப்போர்களின் நிழலில் அறுவடை ஆட்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடப்புற ஓரத்தில் ஒருவர், கையில் கதிர்க்கட்டோடு தலைகுனிந்து நிற்கும் பெண்ணைக் கூட்டத்துக்கு அழைத்து வருகிறார். ரூத் புத்தகத்தின் சாப்பாட்டு வேளைக் காட்சிதான் இது. ஆனால் பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் 1853இல் காட்சிக்கு வைத்தபோது மில்லே தலைப்பை மாற்றி, "அறுவடைக்காரர்களின் உணவு" என்ற பொருளில் பெயரிட்டார். அதற்கு இரண்டாம் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. இன்று அது அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த மாற்றம் வெறும் பெயர் மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. பூசானின் படத்தில் நடுவில் நின்ற கொடையாளி இங்கே ஓரத்துக்குப் போய்விட்டார்; உட்கார்ந்திருக்கும் உழைப்பாளிகள் நடுவிடத்தை நிரப்பிவிட்டார்கள். அந்தப் பெண் மண்டியிடவும் இல்லை. அவளுடைய தயக்கம் ஒரு முதலாளியின் முன்னால் நிற்கும் தயக்கமாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு கூட்டத்துக்குள் அந்நியளாக நுழையும் தயக்கமாகத் தெரிகிறது. சாப்பிடுகிறவர்களில் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். இடம் கொடுப்பார்களா? அவளும் நானும் ஒரே வேலைக்காரர்கள்தான் என்று அவர்கள் நினைப்பார்களா, அல்லது மிச்சத்துக்கு வந்தவள் என்று நினைப்பார்களா? தருமம் இந்தப் படத்தில் மேலிருந்து கீழே இறங்கவில்லை. பக்கவாட்டில், உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் விடுவதில் இருக்கிறது. மில்லே இந்த ஓவியத்தைத் தம் படைப்புகளில் மிக முக்கியமானதாக மதித்தார். மற்ற ஓவியங்களின் புகழில் இது மறைந்துவிட்டது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1857ஆம் ஆண்டுச் சலோனில் "கதிர் பொறுக்கும் பெண்கள்" வந்தது. இதற்கு முன்பே உயரம் கூடிய செங்குத்து வடிவில் சிறியதாக ஒரு முறையும், செதுக்குப் படமாக ஒரு முறையும் மில்லே இதே பொருளைச் செய்து பார்த்திருந்தார். இறுதி வடிவம் 83.5 சென்டிமீட்டர் உயரமும் 110 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல படியொன்று கிடைத்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே பாருங்கள்.

அரிதாள் நிற்கும் வெட்டவெளியில் மூன்று பெண்கள். இடமிருந்து முதலாமவள் நீலத் தலைத்துணி கட்டியிருக்கிறாள். நன்றாகக் குனிந்து, வலக்கையை நீட்டித் தரையைத் தொடுகிறாள். அவளுடைய இடக்கையைக் கவனியுங்கள்: அது முதுகுப் பக்கம் மடிந்து, பொறுக்கிய கதிர்களை இறுகப் பிடித்திருக்கிறது. நடுவிலிருப்பவள் சிவப்புத் தலைத்துணி. அவளும் அதே அளவுக்குக் குனிந்திருக்கிறாள். மூன்றாமவள் பாதி நிமிர்ந்த நிலையில், சேர்த்த கதிர்களை ஒழுங்குபடுத்துகிறாள். மூவரையும் ஒருவராக எண்ணிப் பார்த்தால், கை நீட்டுவது, பொறுக்குவது, நிமிர்ந்து கட்டுவது என்று ஒரே வேலையின் மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றாமவள் கட்டி முடித்ததும் மறுபடி முதலாமவளைப்போலக் குனிந்துதான் ஆக வேண்டும். முகங்கள் நிழலில் இருக்கின்றன. சாய்ந்து விழும் மாலை வெளிச்சம் தோளிலும் கழுத்திலும் கைகளிலும் பட்டு, துணியின் முரட்டு மடிப்புகளைக் கல்லில் செதுக்கியதுபோலக் காட்டுகிறது. குனிந்த இரண்டு முதுகுகளும் அடிவானக் கோட்டுக்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன. பாதி நிமிர்ந்தவளின் தலை மட்டும் அந்தக் கோட்டை ஏறத்தாழ எட்டுகிறது. அவர்களை வானத்துக்கு விடாமல் மண் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

இனித் தொலைவைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் பொன்னாகக் கொட்டுகிறது. மலைபோல் கதிர்ப்போர்கள், ஏற்றப்படும் வண்டி, கட்டுகளைத் தூக்கும் ஆட்கள். விளைச்சலுக்குக் குறைவே இல்லை. வலப்புறம் வீடுகளின் அருகில் குதிரைமேல் ஒருவர். பெருவிரல் நகத்தால் மறைத்துவிடக்கூடிய அளவே உள்ள அந்த உருவம்தான் மேற்பார்வையாளர். பூசானின் ஈட்டிப் பணியாள், போவாஸ் இருவரும் சேர்ந்து இந்தச் சின்ன உருவமாகச் சுருங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அவர் இந்தப் பெண்களைப் பார்க்கவில்லை. அரிகளைச் சிந்திவிடுங்கள் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. முன்னால் இருக்கும் பெண்களின் கையில் எண்ணிவிடக்கூடிய சில கதிர்கள், பின்னால் எண்ண முடியாத குவியல். இரண்டுக்கும் இடையில் ஒருவரும் நடந்து வரவில்லை. காலியிடம் என்று தொடக்கத்தில் நான் சொன்னது இந்த இடைவெளியைத்தான்.

அந்தக் காலப் பார்வையாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள், புரிந்ததால்தான் பயந்தார்கள். 1848ஆம் ஆண்டுப் புரட்சி முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. மில்லேயின் "விதைப்பவன்", கூர்பேயின் "கல் உடைப்பவர்கள்" ஆகியவை 1850–51 சலோனில் எழுப்பிய சலசலப்பு மறக்கப்படவில்லை. போல் த சேன் விக்தோர் என்ற விமரிசகர் இந்த மூன்று பெண்களையும் விதியை நூற்கும் மூன்று தேவதைகளுக்கு ஒப்பிட்டு, வறுமையின் விதிதேவதைகள் என்று ஏளனமாக எழுதினார். இன்னொருவருக்கு அவர்களின் பின்னால் அடிவானத்தில் கலகக்காரர்களின் ஈட்டிகளும், பிரெஞ்சுப் புரட்சியின் 1793ஆம் ஆண்டுக் கொலைமேடைகளும் தெரிந்தன. படத்தில் ஈட்டியும் இல்லை, மேடையும் இல்லை. வைக்கோலும் வண்டியும்தான் இருக்கின்றன. எதிர்ப்புறத்தில் எட்மோன் அபூ என்பவர் இந்தப் படத்தின் பெருமிதத்தையும் அமைதியையும் பாராட்டி, அது ஏறத்தாழ ஒரு சமய ஓவியம்போலவே நம் முன் நிற்கிறது என்று எழுதினார். நீங்கள் கேட்ட கேள்வியின் இரண்டு பக்கங்களும் ஓவியம் வெளியான அந்த ஆண்டிலேயே இப்படி எழுதப்பட்டுவிட்டன. மில்லே என்ன நினைத்தார் என்று கேட்டால், 1851இல் நண்பர் சென்சியேவுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டலாம்: தம்மை இன்னும் அதிகமாகச் சோஷலிஸ்ட் என்று சொல்வார்கள் என்றாலும், கலையில் தம்மை அதிகம் தொடுவது மனிதப் பக்கம்தான் என்றும், வாழ்வின் மகிழ்ச்சியான பக்கம் தமக்குத் தென்படுவதே இல்லை என்றும் அதில் அவர் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஓவியர் பிசாரோவின் உழவர் ஓவியங்களை எல்லோரும் மில்லேயோடு ஒப்பிட்டபோது, மில்லே விவிலியத் தன்மை கொண்டவர், யூதனாகிய என்னிடம் அது அவ்வளவாக இல்லையே என்று பிசாரோ வியந்தார். மில்லேக்கு அடுத்து வந்த ஓவியத் தலைமுறைக்கு அவரிடம் விவிலியம் இருப்பது தெரிந்தே இருந்தது.

படத்தில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது பிரான்சின் சட்டம். கதிர் பொறுக்குவது அங்கே வெறும் ஊர்வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. 1554இல் இரண்டாம் ஹென்றி மன்னரின் ஆணை அதை முதியோர், ஊனமுற்றோர், சிறுவர் போன்ற உழைத்துச் சம்பாதிக்க முடியாத ஏழைகளுக்கென ஒதுக்கியது. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் 1791இல் வந்த ஊரகச் சட்டம், விளைச்சல் முழுவதும் அகற்றப்பட்ட பிறகே உள்ளே போகலாம் என்று விதித்தது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இதை மீறுவோருக்கும், சூரியன் எழுமுன்னும் மறைந்த பின்னும் பொறுக்குவோருக்கும் அபராதம் வைத்தது. ஆக லேவியராகமத்தின் உரிமை பிரெஞ்சுச் சட்டத்துக்குள் உயிரோடு இருந்தது. ஆனால் நேரத்தோடும் காவலோடும் இருந்தது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது மில்லே ஓவியத்துக்கு இரண்டாண்டு கழித்து ழூல் பிரெத்தோன் வரைந்த "கதிர் பொறுக்குவோரைத் திரும்ப அழைத்தல்". இதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது. பிரெத்தோன் தம் சொந்த ஊரான கூரியேரின் பெண்களை வரைந்திருக்கிறார். அவர்கள் தலையிலும் தோளிலும் கதிர்க்கட்டுகளைச் சுமந்து, கோவில் தூண்களில் செதுக்கிய மங்கையரைப்போல நிமிர்ந்து நடந்து வருகிறார்கள். கால்கள் வெறுங்கால்கள், ஆடைகள் கிழிசல்; ஆனாலும் படம் முழுக்க ஓர் அந்தி அழகு. இடப்புறம் எல்லைக்கல்லில் சாய்ந்து நிற்கும் ஊர்க் காவலர், வாயருகே கையைக் குவித்துக் கூப்பிடுகிறார். மேலே பிறைநிலா எட்டிப் பார்க்கிறது. அந்தப் பிறையைக் கவிதை என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் பார்த்தேன். சட்டத்தை அறிந்த பிறகு பார்த்தால் அது கடிகாரம்: பொழுது சாய்ந்துவிட்டது, இனி ஒரு கதிரைப் பொறுக்கினாலும் குற்றம், அதனால்தான் காவலர் கூப்பிடுகிறார். 1859ஆம் ஆண்டுச் சலோனில் இந்த ஓவியத்துக்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதை வாங்கிச் சேன் குளூ அரண்மனையில் மாட்டினார். மில்லே "கதிர் பொறுக்கும் பெண்க"ளுக்கு 4000 பிராங்க் கேட்டார், 3000 பிராங்க்தான் கிடைத்தது. பேரரசருக்குப் பிரெத்தோனின் பெண்கள் ஏன் பிடித்தார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. அவர்கள் நிறைவோடு வீடு திரும்புகிறார்கள், அவர்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது, யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. பிரெத்தோன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஊரையும் அந்தப் பெண்களையும் உண்மையாக நேசித்த ஓவியர் அவர். ஆனால் கட்டு நிறைந்த பிறகு வரும் நேரத்தை அவர் தேர்ந்துகொண்டார். கட்டு நிறையும் முன்பு முதுகு படும் பாட்டை மில்லே தேர்ந்துகொண்டார்.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் அந்த உரிமைக்கே முடிவு கட்டிவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விவிலியம் நீதிமன்றத்தில் நேரடியாக வாதிடப்பட்ட அரிய வழக்கு அது. 1788இல் ஸ்டீல் எதிர் ஹௌட்டன் வழக்கில், அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கும் உரிமை இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் கிடையாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அவர்களோடு உடன்படாத நீதிபதி கோல்ட், மோசேயின் சட்டத்தை எடுத்துக்காட்டி, அது ஏழைகளின் உரிமையே என்று வாதிட்டார். அவர் தோற்றார். அதன் பிறகு அங்கே கதிர் பொறுக்கியவர்கள், பல ஊர்களில் பழைய வழக்கத்தின் வலுவில் தொடர்ந்து பொறுக்கினாலும், சட்டத்தின் பார்வையில் சொந்தக்காரரின் தயவில் நின்றார்கள். உரிமை இரக்கமாக மாறுவது இப்படித்தான்.

தருமத்தைப் பற்றிப் பேசும்போது கூலியைப் பற்றிப் பேசாமல் விட்டால் பதில் முழுமையாகாது. லேயோன் லெர்மித் 1882இல் வரைந்த "அறுவடைக்காரர்களுக்குக் கூலி கொடுத்தல்" 2 மீட்டருக்கு மேல் உயரமும் இரண்டே முக்கால் மீட்டர் அளவுக்கு அகலமும் கொண்ட பெரிய ஓவியம். முற்றத்தில் கணக்குப் பார்ப்பவர் காசை எண்ணிக் கொடுக்கிறார். கையில் நீண்ட பிடியுள்ள அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழட்டு உழைப்பாளி நம் பக்கம் பார்க்காமல், காசையும் பார்க்காமல், வெறித்துப் பார்க்கிறார். அவருக்கு அருகில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு இருக்கிறாள். இங்கே யாரும் யாருக்கும் கொடை தரவில்லை; கணக்கு நேராகிறது, அவ்வளவுதான். இந்தப் படத்தைக் "கதிர் பொறுக்கும் பெண்க"ளோடு சேர்த்து நினைத்தால், மில்லேயின் வயலில் தொலைவில் வேலை செய்யும் ஆட்களுக்கு மாலையில் கிடைப்பது என்ன என்பதும், முன்னால் குனிந்திருப்பவர்களுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை என்பதும் விளங்கும். இதே லெர்மித் பத்தாண்டு கழித்து, 1892இல், "எளியோரின் நண்பன்" என்று ஓர் ஓவியம் வரைந்தார். எம்மாவு ஊரில் உயிர்த்த இயேசு அப்பம் பிட்ட கதையை, தம் காலத்து உழவர் வீட்டு மேசையில் நடப்பதாக அதில் காட்டினார். கூலி வாங்கும் ஆட்களை வரைந்த கையே இயேசுவை அவர்கள் நடுவில் உட்கார வைத்தது. பிரெஞ்சு உழவர் ஓவியத்தில் விவிலியமும் உழைப்பும் எதிரெதிர் கட்சிகளாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் கேள்வியில் இருக்கும் "அல்லது" என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்வேன். மில்லே அந்த ஓவியத்தில் குற்றம் சாட்டுகிறாரா என்றால், ஆம். ஆனால் அவர் குற்றம் சாட்டும் அளவுகோல் லேவியராகமத்திலிருந்து வந்தது. போவாஸ் இருக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தவருக்குத்தான் அவர் இல்லாதது உறுத்தும். விவிலியத்தை வாசிக்காத ஒருவருக்கு அது மூன்று ஏழைப் பெண்களின் படம். வாசித்தவருக்கு, நடக்க வேண்டிய ஒன்று நடக்காமல் நிற்கும் படம். அந்தப் படம் பின்னால் என்ன ஆயிற்று என்று பார்த்தாலும் மனம் கனக்கும். 1889இல் மதாம் பொமரி என்ற ஷாம்பெய்ன் தயாரிப்பாளர் அதை 3,00,000 பிராங்குக்கு வாங்கி, லூவ்ருக்கென எழுதிவைத்தார். மில்லே இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசியாக ஒரு படத்தைப் பரிந்துரைக்கிறேன். அதில் வயல் வேலை இல்லை, ஆனால் மில்லேயை உயிருக்குயிராக நேசித்த ஒருவர் வரைந்தது. வான்கோ, சேன் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது மில்லேயின் உழவர் படங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் தம் வண்ணங்களில் வரைந்தார். அங்கிருந்து கிளம்பும் முன், 1890 மே மாதத்தில், இயேசு சொன்ன உவமையை வைத்துத் தெலக்ருவா வரைந்த "நல்ல சமாரியன்" ஓவியத்தை ஒரு கருப்பு வெள்ளை அச்சுப்படத்திலிருந்து எடுத்து வரைந்தார். அச்சில் இடம்வலம் மாறியிருந்ததால் வான்கோவின் படமும் மாறியே இருக்கிறது. நெதர்லாந்தின் குரோலர் முல்லர் அருங்காட்சியகத்தில் அது உள்ளது. கள்ளர்களால் அடிபட்டவனைச் சமாரியன் குதிரைமேல் ஏற்றுகிறான். பாதையில் பார்த்தும் பாராமல் போய்விட்ட இருவர் தொலைவில் சின்ன உருவங்களாக நடந்துகொண்டிருக்கிறார்கள், மில்லேயின் குதிரைக்காரரைப்போல. சமாரியனின் முகத்தில் புனிதக் களை எதுவும் இல்லை. அடிபட்டவனின் முழுப் பாரத்தையும் மார்பில் தாங்கி, முதுகு பின்னால் வளைய, ஒரு குதிகால் தரையை விட்டு எழ, மூட்டை ஏற்றும் ஆளைப்போல அவன் தூக்கிக்கொண்டிருக்கிறான்.